புதிய பிரேக் குழாயிலும் கசிவு ஏன்? கடலோரப் பழைய வாகனங்களில் கோளாறு ஒளிந்திருக்கும் இடங்கள்

விழிஞ்ஞம்: கடற்காற்று வீசும் ஊர்களில் பழைய வாகனம் வைத்திருப்போருக்கு இந்த அனுபவம் புதிதன்று. துருப்பிடித்த பிரேக் குழாயைக் கழற்றிவிட்டுப் புதிய குழாய் பொருத்தப்படுகிறது. மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் ஈரத் திட்டு காணப்படுகிறது. பெடலை மிதித்தால் வழக்கத்தைவிடக் கீழே இறங்குகிறது. பட்டறைக்குத் திரும்பினால் இணைப்பு நட்டு இன்னும் ஒரு சுற்று இறுக்கப்படுகிறது. இரண்டு நாள்கள் நின்ற கசிவு மூன்றாம் நாள் மீண்டும் தொடங்குகிறது.

குழாய் புதிதாக இருக்கும்போது கசிவு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான நேரங்களில் குழாயின் உடலிலிருந்து அன்று; அதன் இரு முனைகளிலிருந்து. அந்த முனைகளில் ஏற்படும் கசிவை நட்டை மேலும் இறுக்குவதால் மட்டும் நிறுத்திவிட முடியாது. பல நேரங்களில் அந்த இறுக்கமே சிறு கோளாறைப் பெரிதாக்கிவிடுகிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்திலுள்ள விழிஞ்ஞம் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது, 2025 மே 2 அன்று பிரதமர் நரேந்திர மோடி நாட்டுக்கு அர்ப்பணித்த சர்வதேசச் சரக்குப் பெட்டகத் துறைமுகமே. ஆனால் அதன் அருகிலுள்ள மீன்பிடித் துறைமுகம் அதைவிட மிகவும் பழையது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பிற கரைகளில் படகு இறக்க முடியாத நாள்களிலும், ஒதுக்கமான குடா என்பதால் இங்கு மீன்பிடிப்பு நடைபெறுகிறது; மழைக்காலமே இங்கு மீன் வரத்துக்குரிய முக்கியப் பருவம். எனவே மீன் ஏற்றும் வாகனங்களும் அந்த மாதங்களில்தான் அதிகமாகக் கரைக்கு இறங்கி ஏறுகின்றன.

அந்த வாகனங்களின் அடிப்பகுதிக்கு மூன்று திசைகளிலிருந்து உப்பு வந்து சேர்கிறது. காற்றில் மிதந்து வரும் கடல் நீர்த் துளிகள் முதலாவது. மழைநீரோடு சாலையிலிருந்து தெறிக்கும் சேறு இரண்டாவது. மூன்றாவது, பெட்டிகளில் உருகும் பனிக்கட்டியோடு கலந்து தளத்தின் இடுக்குகள் வழியே சொட்டும் மீன் நீர். இவற்றுள் மூன்றாவதே கொடியது எனலாம். அது வண்டி கரையை விட்டு அகன்ற பின்னரும் கூடவே பயணம் செய்கிறது. அடிச்சட்டத்தை ஒட்டிச் செல்லும் பிரேக் குழாயின் மீதும், குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் உட்புறத்திலும் தங்கி, உலர்ந்து, மீண்டும் நனைகிறது.

காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகங்கள் எந்த ஊரில் எவ்வளவு வேகமாக அரிக்கப்படுகின்றன என்பதைக் காட்டும் இந்திய அரிப்பு வரைபடத்தைத் தயாரித்துள்ளது. மண்டபம் கடற்கரையிலும் உலோகத் தகடுகளைத் திறந்த வெளியில் வைத்து அந்நிறுவனம் ஆய்வு செய்துவந்துள்ளது. காற்றிலுள்ள உப்பின் அளவு கரையிலிருந்து விலக விலக விரைவாகக் குறைந்துவிடும் என்பது இத்துறையின் அடிப்படைப் பாடம். கரையோரத்திலேயே இரவெல்லாம் நிறுத்தி வைக்கப்படும் வண்டியும், சில கிலோமீட்டர் உள்ளே நிறுத்தப்படும் வண்டியும் ஒரே வயதுடையவையாக இருந்தாலும் ஒரே நிலையில் இருப்பதில்லை.

ஒரு துளியின் விலை

பிரேக் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. திரவம் எளிதில் சுருங்காது என்பதால், அந்த அழுத்தம் அப்படியே குழாய்கள் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 30 முதல் 35 பி.எஸ்.ஐ. அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது குழாயில் எழும் அழுத்தமோ 1,000 பி.எஸ்.ஐ. அளவையும் தாண்டக்கூடும். அதாவது, டயரில் உள்ளதைப்போல் முப்பது மடங்கு. அதைத் தாங்கி நிற்பது 4.75 மில்லிமீட்டர் வெளிவிட்டமும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சுவர்த் தடிப்பும் கொண்ட ஒரு மெல்லிய உருக்குக் குழாய்.

பெடலை இலேசாக மிதிக்கும்போது ஒரு துளிகூட வெளிவராத இணைப்பு, முழு பலத்துடன் மிதிக்கும்போது பீய்ச்சியடிக்கக்கூடும் என்பதற்கு இதுவே காரணம். பட்டறை வாசலில் நன்றாக இருந்த பிரேக், துறைமுகத்தை நோக்கி இறங்கும் சாலையில் குறுக்கே ஒருவர் வந்துவிட்ட தருணத்தில் கைவிடுவதும் இதனால்தான்.

வாகனத்தின் வயதும் இங்கு பொருட்படுத்தத்தக்கது. தற்கால வாகனங்களில் மாஸ்டர் சிலிண்டர் இரண்டு தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு சுற்றில் கசிவு ஏற்பட்டாலும் மற்றொன்று இரு சக்கரங்களையாவது பிடித்து நிறுத்தும். தொடக்ககால அம்பாசிடர், பழைய ஜீப் போன்றவற்றில் இருந்தது ஒற்றைச் சுற்று. எந்தச் சக்கரத்தின் குழாய் கசிந்தாலும் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒருசேரப் போய்விடும். பிறகு எஞ்சியிருப்பது கம்பியால் இயங்கும் கைப்பிரேக் மட்டுமே. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் உத்தர்பாரா ஆலையில் நிறுத்தப்பட்டது. மாருதி 800-உம் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று ஓடும் இவ்வகை வண்டி எதுவாயினும் அது பத்தாண்டைக் கடந்ததே.

சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

கசிவைச் சரிசெய்வதற்கு முன் அதன் பிறப்பிடத்தை அறிய வேண்டும். சொல்வதற்கு எளிது, செய்யும்போதுதான் பொறுமை தேவைப்படுகிறது. திரவம் குழாயின் அடிப்புறத்தை ஒட்டியே வழிந்து சென்று, தாழ்வான வளைவில் துளியாகத் திரண்டு விழும். துளி விழும் இடத்திலுள்ள குழாய் எந்தக் குற்றமும் செய்யாததாக இருக்கலாம். உண்மையான கசிவு அரை மீட்டர் தள்ளி, மேலே உள்ள இணைப்பில் இருக்கலாம்.

முதலில் எல்லா இணைப்புகளையும் பிரேக் கிளீனர் கொண்டு கழுவி, துணியால் துடைத்து, முற்றிலும் உலர விட வேண்டும். பிறகு ஒவ்வோர் இணைப்பையும் சுற்றி மெல்லிய வெள்ளைத் தாளைக் கட்டிவிட்டு, ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க, மற்றொருவர் கீழிருந்து பார்க்க வேண்டும். எந்தத் தாள் முதலில் நனைகிறதோ அதுவே குற்றவாளி. பல இணைப்புகள் நனைந்தால் அவற்றுள் மேலே உள்ளதிலிருந்து தொடங்குவது முறை. ஜாக் மட்டும் வைத்துத் தூக்கிய வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் ஒருவர் படுக்கக்கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும்.

நனைவது உடனே தெரியாவிட்டால் தாளை இரவு முழுவதும் விட்டுவைக்கலாம். டிரம் பிரேக் கொண்ட பழைய வாகனங்கள் பலவற்றில், பெடலை விட்ட பிறகும் குழாயில் சிறிதளவு அழுத்தம் தங்கியிருக்கும்படி ஒரு வால்வு அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நிறுத்தி வைத்த வண்டியிலும் கசிவு தொடரும். காலையில் தாள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மீன் வண்டிகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவற்றின் அடிப்பகுதி எப்போதும் நனைந்தேதான் இருக்கிறது. எது பனி நீர், எது பிரேக் திரவம் என்று கண்ணால் பிரிப்பது கடினம். விரல்களுக்கிடையே தேய்த்தால் நீர் வழுக்குவதில்லை. பிரேக் திரவம் வழவழவென்று நிற்கும், நீரைப்போல் விரைவில் உலர்ந்தும் போகாது. வண்ணப்பூச்சின் மீது பட்டால் அதை மென்மையாக்கி உரியச் செய்துவிடும். இணைப்பைச் சுற்றி மட்டும் பெயிண்ட் கொப்பளித்து உரிந்திருந்தால், அங்கே நெடுநாளாகக் கசிவு இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். எவ்வாறாயினும் மீன் இறக்கிய பிறகு, நன்னீரில் கழுவி உலர்த்தாமல் இந்தச் சோதனையைத் தொடங்குவதில் பயனில்லை.

மூடுவது மரை அன்று

பிரேக் குழாய் இணைப்பைப் பற்றிய மிகப் பரவலான தவறான எண்ணம், நட்டின் மரையே திரவத்தைத் தடுத்து நிறுத்துகிறது என்பது. வீட்டுத் தண்ணீர்க் குழாயில் மரையின்மீது வெள்ளை டேப் சுற்றிப் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. பிரேக் இணைப்பில் மரையின் பணி வேறு. குழாயின் முனை விரித்து வடிவமைக்கப்பட்டிருக்கும். இதனைப் பட்டறைகளில் ஃபிளேர் அடிப்பது என்பர். அந்த விரிந்த முனை, துளையின் அடியில் உள்ள கூம்பு வடிவ இருக்கையின்மீது அழுந்தி உட்கார வேண்டும். உலோகத்தோடு உலோகம் வட்டமாகப் பொருந்தும் அந்த மெல்லிய வளையமே அடைப்பு. நட்டு அதைத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே.

இதைப் புரிந்துகொண்டால், மரையில் டேப் சுற்றுவதும் பசை தடவுவதும் ஏன் கூடாது என்பது விளங்கும். கசிவு மரையை எட்டிய பிறகே டேப் அதைச் சந்திக்கிறது. அதற்குள் அடைப்பு தோற்றுவிட்டது. அதோடு, டேப்பின் இழை ஒன்று பிய்ந்து உள்ளே சென்று மாஸ்டர் சிலிண்டரின் சிறு துளையை அடைத்தால், பிரேக் பிடித்தபடியே நின்றுவிடவும் வாய்ப்புண்டு.

ஃபிளேரில் இரண்டு வகைகள் பரவலாக உள்ளன. ஒன்று இரட்டை ஃபிளேர்: குழாய் முனை புனல்போல விரிக்கப்பட்டு, அதன் விளிம்பு உட்புறமாக மடிக்கப்பட்டிருக்கும். துளையின் அடியிலிருந்து மேல்நோக்கி எழும் கூம்பின்மீது இது கவிழ்ந்து உட்காரும். மற்றொன்று குமிழ் ஃபிளேர்: முனை சிறு காளான் மொட்டுப்போலப் பருத்திருக்கும், குழிந்த இருக்கைக்குள் இது நுழைந்து பொருந்தும். ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்றைப் பொருத்தினால் நட்டு ஏறும், இறுகும், எல்லாம் சரியாகவே தோன்றும். ஆனால் அழுத்தம் வந்ததும் கசியும். பிரிட்டிஷ் வடிவமைப்பிலிருந்து உருவான வாகனங்களில் ஒரே வண்டியிலேயே இருவகை முனைகளும் இருப்பதுண்டு. கழற்றிய பழைய குழாயைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல், வேலை முடியும்வரை பக்கத்திலேயே வைத்திருப்பது நல்லது. அதன் இரண்டு முனைகளே நம்பத்தகுந்த வழிகாட்டி.

இரட்டையாக மடிக்காமல் ஒரே விரிப்பாக விடப்படும் முனை, புனல் வடிவ இணைப்புக்கு ஏற்றதன்று. மெல்லிய ஒற்றைச் சுவர் இருக்கைக்கும் நட்டுக்கும் இடையே நசுங்கும்போது விளிம்பில் விரிசல் விடும். அது உடனே விடாமல் சில வாரங்கள் கழித்து விடுவதே இதிலுள்ள ஆபத்து.

முனை செம்மையாக அமையாததற்குப் பெரும்பாலும் ஃபிளேர் கருவியைவிட அதற்கு முந்தைய வேலையே காரணமாக இருக்கிறது. இரும்பு ரம்பத்தால் அறுத்த குழாயின் முனை சாய்ந்திருக்கும், பிசிறும் இருக்கும். சாய்ந்த முனையை விரித்தால் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் வரும். குழாய் வெட்டும் சிறு கருவியால் நேராக வெட்டி, உட்புறப் பிசிறையும் வெளிப்புறப் பிசிறையும் அகற்றி, முனையில் ஒரு சொட்டுப் பிரேக் திரவம் இட்டு விரித்தால் வேலை சுத்தமாக அமையும். விரித்த பின், வட்டம் மையத்தில் இருக்கிறதா, மேற்பரப்பில் கீறலோ மயிரிழை விரிசலோ உள்ளதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பது நேர விரயமன்று. நட்டைக் குழாயில் கோக்க மறந்து இரண்டு முனைகளையும் விரித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொள்ளாத மெக்கானிக் அநேகமாக இருக்கமாட்டார்.

நட்டு ஏறினால் போதுமா?

மரை விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. அம்பாசிடர், பழைய ஜீப் ஆகியவற்றின் மரைகள் அங்குல அளவில் அமைந்தவை. மாருதி 800 முதலான பிந்தைய வாகனங்களில் மெட்ரிக் அளவு. அங்குல அளவில் பரவலாக உள்ள நட்டின் விட்டம் 3/8 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரைகள். மெட்ரிக் அளவில் அதை ஒத்தது 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் கொண்ட நட்டு. இரண்டின் மரை இடைவெளியும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், அங்குல நட்டு மெட்ரிக் துளைக்குள் தடையின்றி ஏறிவிடும். விட்டத்தில் அரை மில்லிமீட்டர் குறைவு என்பதால் மரைகள் நுனியில் மட்டுமே பற்றியிருக்கும். சற்று வலுவாக இறுக்கினால் மரை சிதைந்துவிடும்; சிதையாவிட்டாலும் அவசரப் பிரேக்கின்போது பிடுங்கிக்கொண்டு வரலாம். மெட்ரிக் நட்டை அங்குலத் துளையில் இட்டால் ஓரிரு சுற்றுகளிலேயே சிக்கிக்கொள்ளும். அங்கே ஸ்பேனரால் பலம் காட்டினால் சிலிண்டரின் மரையும் போய்விடும்.

கையால் திருகும்போதே நட்டு கடைசிவரை இலகுவாகச் செல்ல வேண்டும். அதே நேரத்தில் ஆடவும் கூடாது. இந்த இரண்டையும் விரல்களே சொல்லிவிடும். ஸ்பேனர் அதற்குப் பின்னர்தான். அதுவும் சாதாரணத் திறந்தவாய் ஸ்பேனர் ஆகாது. நட்டின் ஐந்து முகங்களைப் பற்றிக்கொள்ளும், குழாய் நுழைய இடைவெளி உள்ள ஃபிளேர் நட்டு ஸ்பேனர் தேவை. இந்தச் சிறு நட்டுகளுக்குத் தேவையான இறுக்கம் பொதுவாக 12 முதல் 18 நியூட்டன் மீட்டர் அளவிலேயே இருக்கும். சரியான எண் வாகனத்தின் கையேட்டில் இருக்கும். சக்கர நட்டை இறுக்கும் பழக்கத்தோடு இதை அணுகுவதே பல கசிவுகளின் தொடக்கம்.

பழைய இருக்கையின் பங்கு

முனையும் சரி, நட்டும் சரி. ஆனாலும் கசிகிறது என்றால் பார்வை பழைய பொருளின் பக்கம் திரும்ப வேண்டும். கடலோர வாகனங்களில் இந்தக் கட்டமே மிக முக்கியமானது. குழாய் மட்டுமே புதிது. அது சென்று உட்காரும் இருக்கை, மாஸ்டர் சிலிண்டரிலோ வீல் சிலிண்டரிலோ டி ஜாயின்டிலோ பல்லாண்டுகளாக உள்ள பழைய உலோகம். முந்தைய குழாய் அதில் ஒரு வட்டத் தடத்தைப் பதித்திருக்கும். குழாயைக் கழற்றிய நேரத்தில் துருத் துகள் அதன்மீது விழுந்திருக்கலாம். நெடுநாள் கசிந்த இணைப்பாயின், உப்பும் ஈரமும் உள்ளே புகுந்து இருக்கையில் குழிகளை அரித்திருக்கலாம்.

டார்ச் விளக்கைக் காட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்துப் பார்த்தால் இருக்கையின் நிலை தெரியும். இலேசான தடம் மட்டுமே இருந்தால் ஒரு பழைய முறை கைகொடுக்கும். நட்டை மிதமாக இறுக்கி, சற்றுத் தளர்த்தி, மீண்டும் இறுக்குவது. இதை மூன்று நான்கு முறை செய்வது. ஒவ்வொரு முறையும் குழாயின் மென்மையான முனை இருக்கையின் வடிவத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுக்கொள்கிறது. ஒரேயடியாகப் பலம் கொடுப்பதைவிட இது பன்மடங்கு பயன் தரும். ஆனால் குழி கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அந்த டி ஜாயின்டையோ சிலிண்டரையோ மாற்றுவதே வழி. புதிய குழாய்க்குச் செலவு செய்தவர் மலிவான ஒரு பித்தளை டி ஜாயின்டுக்குத் தயங்குவது பொருத்தமாகத் தோன்றவில்லை.

ரப்பர் ஹோஸ் சேரும் இடங்களில் அடைப்புக்குச் செம்பு வாஷர்கள் பயன்படுகின்றன. ஒருமுறை அழுந்திய செம்பு இறுகிக் கடினமாகிவிடும். மறுமுறை வளைந்து கொடுக்காது. பழைய வாஷரையே திரும்பப் போட்டு, கசிகிறதே என்று குழாயைக் குறைகூறுவது வழக்கமாகக் காணப்படுவது. நடுவில் துளையுள்ள போல்ட்டைக் கொண்டு ஹோஸைப் பொருத்தும் அமைப்பில், ஹோஸின் தலைக்கு இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு வாஷர்கள் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கசிவு நிச்சயம்.

எந்த உலோகம்?

தொழிற்சாலையிலிருந்து வரும் வழக்கமான குழாய், உருக்குத் தகட்டை இரு சுற்றாகச் சுருட்டிச் செம்பால் பற்றவைத்து, மேலே பூச்சிட்டது. வலுவில் குறையில்லை. பூச்சில் கீறல் விழும்வரை துருவும் தொடாது. ஆனால் கிளிப்பின் அடியில் மணல் துகள் ஒன்று தேய்த்துக்கொண்டிருந்தால் போதும்.

துருப்பிடிக்காது என்று எண்ணிச் சிலர் குளிர்சாதனக் கருவிக்குரிய செம்புக் குழாயைப் பொருத்துகின்றனர். இது தவிர்க்க வேண்டிய ஒன்று. தூய செம்பு தொடர் அதிர்வில் இறுகி, சோர்ந்து, விரிசல் விடும். எஃகின் துருப்பிடிக்காத வகையோ மறுமுனை: அது மிகக் கடினம் என்பதால் முனையை விரிப்பதும் கடினம், இருக்கையின்மீது இணங்கி உட்காருவதும் கடினம்.

இடைப்பட்ட தீர்வு, ஏறத்தாழ பத்து விழுக்காடு நிக்கல் கலந்த செம்புக் கலவைக் குழாய். குளிர்காலத்தில் சாலைகளில் உப்பைக் கொட்டும் நாடுகளில்தான் இதற்கு முதலில் தேவை எழுந்தது; சுவீடனின் வோல்வோ நிறுவனம் 1970-களிலேயே இதனைத் தன் கார்களில் பயன்படுத்தத் தொடங்கியது. உப்பைத் தாங்கும், கையாலேயே வளையும், முனை அழகாக விரியும், பழைய இருக்கையோடும் இணங்கிப்போகும். விலை அதிகம் என்பது உண்மை. கரையோரத்தில் ஓடும் வண்டிக்கு அந்த விலை நியாயமானதாகவே தோன்றுகிறது. வாங்கும்போது வாகனப் பிரேக்குக்கென்றே தரச்சான்று பெற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

எந்த உலோகமாயினும் குழாயை ஒரு முப்பது சென்டிமீட்டருக்கு ஒருமுறை கிளிப்பால் பிடித்து, புகைபோக்கியிலிருந்து விலக்கி, அசையும் பாகங்கள் உரசாதவாறு கொண்டுசெல்ல வேண்டும். பிடிப்பின்றித் தொங்கும் குழாய் அதிரும். அதிரும் குழாயின் முனை தளரும்.

கசிவு இடம் மாறும்போது

முனைகள் அனைத்தும் அடைபட்ட பின், இதுவரை சும்மா இருந்த ஓரிடத்தில் புதிதாகக் கசிவு தோன்றலாம். கைராசி இல்லை என்று மெக்கானிக்கை நொந்துகொள்ளத் தேவையில்லை. பழைய குழாய் கசிந்துகொண்டிருந்த வரை வீல் சிலிண்டர்களுக்கு முழு அழுத்தம் செல்லவேயில்லை, இப்போது செல்கிறது. தேய்ந்த ரப்பர் கப் அதைத் தாங்காமல் விட்டுக்கொடுக்கிறது. டயரின் உட்புறப் பக்கவாட்டில் ஈரம் தெரிந்தால் டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டும். திரவத்தில் ஊறிய பிரேக் லைனிங்கைத் துடைத்துப் பயன்படுத்தக்கூடாது, மாற்றியாக வேண்டும்.

காற்றை வெளியேற்றும் வேலையிலும் ஒரு பொறி உண்டு. பெடலை அடிவரை திரும்பத் திரும்ப மிதிக்கும்போது, மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் அன்றாட ஓட்டத்தில் எட்டாத பகுதிவரை செல்கிறது. பழைய சிலிண்டரில் அந்தப் பகுதி துருவும் கசடும் படிந்து சொரசொரப்பாக இருக்கும்; ரப்பர் கப்பின் விளிம்பை அது கிழித்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, முழு ஓட்டத்தைத் தடுத்துவிட்டுக் காற்றை எடுப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

பெடலின் நடத்தையைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். மிதித்ததும் பஞ்சுபோல இருந்து, இரண்டு மூன்று முறை மிதித்ததும் உயர்ந்தால் உள்ளே காற்று இருக்கிறது. உறுதியாக நின்று, அழுத்திப் பிடித்திருக்க மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், எங்கோ திரவம் தப்பிச் செல்கிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லாமலே அவ்வாறு இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே திரவம் பின்வாங்குகிறது என்று பொருள். தொட்டியில் அளவு குறைகிறது, ஆனால் எங்கும் ஈரமில்லை என்றால், பிரேக் பூஸ்டருக்குள் திரவம் உறிஞ்சப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

‘ஆயில்’ என்ற சொல் செய்யும் வேலை

தமிழிலும் மலையாளத்திலும் எல்லோரும் பிரேக் ஆயில் என்றே சொல்கிறோம். ஆங்கிலக் கையேடுகள் அதைத் திரவம் என்று மட்டுமே குறிப்பிடுகின்றன. மொழிபெயர்ப்பில் இது அற்ப வேறுபாடு, வண்டியில் அப்படியன்று. டாட் 3, டாட் 4 எனக் குறிக்கப்படும் திரவங்கள் கிளைகால் வகையைச் சேர்ந்தவை, எண்ணெய் அல்ல. பெயரை நம்பி அவசரத்துக்கு என்ஜின் ஆயிலையோ வேறு கனிம எண்ணெயையோ தொட்டியில் ஊற்றினால், உள்ளிருக்கும் ரப்பர் பாகங்கள் அனைத்தும் ஊதிப் பருத்து, ஒட்டுமொத்த அமைப்பையும் பிரித்து மாற்ற நேரிடும்.

கிளைகால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிய டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பின்பு அந்த வரம்பு 140 டிகிரியாகக் குறைந்துவிடும். டாட் 4-க்கு இவை 230, 155 டிகிரி. உள்ளே சேர்ந்த ஈரம் சிலிண்டரையும் அரிக்கும். பருவமழைக் காலத்தில் மூடி திறந்த புட்டியில் மீந்த திரவத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்திருப்பதும், காற்று எடுக்கும்போது வெளிவந்த திரவத்தைத் திரும்பத் தொட்டியில் ஊற்றுவதும் சிக்கனம் ஆகா.

வேலை முடிந்ததும் என்ஜினை இயக்கி, பெடலை முழு பலத்துடன் ஒரு நிமிடத்துக்கு மேல் அழுத்திப் பிடித்து, எல்லா இணைப்புகளையும் மீண்டும் பார்க்க வேண்டும். பின்னர் சமதளத்தில், ஆளில்லாத இடத்தில், மெதுவான வேகத்தில் சோதனை ஓட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 96-ஆவது விதி பிரேக் அமைப்புக்குரிய தேவைகளை வகுத்துள்ளது. சரக்கு வாகனங்கள் எட்டு ஆண்டுகளைக் கடந்த பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். தனியார் கார்களுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பதிவைப் புதுப்பிக்கும்போது இந்தச் சோதனை வருகிறது. இரண்டு சோதனைகளுக்கு இடைப்பட்ட மழைக்காலங்களில் வண்டியின் அடியில் என்ன நடக்கிறது என்பதை ஓட்டுபவரே பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது.

அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தொட்டியில் திரவத்தின் அளவை ஒரு பேனாக் கோட்டால் குறித்துவைத்து, முதல் வாரம் நாள்தோறும் காலையில் பார்த்தால் போதும். லைனிங் தேய்வதால் அளவு குறைவது மாதக்கணக்கில் நிகழும். சில நாள்களிலேயே கோடு வெளியே தெரிந்தால் எங்கோ கசிகிறது. மீன் இறக்கிய வண்டிகள், தளத்தை மட்டும் கழுவிவிட்டுப் புறப்படாமல், அடிச்சட்டத்தையும் குழாய்க் கிளிப்புகளையும் நன்னீர் பாய்ச்சிக் கழுவிய பின்னரே கரையிலிருந்து ஏறினால், அடுத்த குழாய் மாற்றம் சில ஆண்டுகளாவது தள்ளிப்போகும்.